பூக்கட்டிப் பார்த்து வாங்கிய வேன்

எங்கள் குடும்பம் முதன்முதலாக ஒரு வாகனம் வாங்கியபோது அதன் இஞ்சின் ஓடாது. ஓடாது என்று தெரிந்தே வாங்கினோம். வாங்கலாம் என்று உத்தரவு கொடுத்தவர் எங்கள் ஊர்ப் பெருமாள் என்று ஊரில் இன்றும் சொல்வார்கள். அந்த உத்தரவில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியின் கையும் சற்றுக் கலந்திருந்தது. அந்தச் சிறுமி நான். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக இதை நான் வெளியில் சொன்னதில்லை. இனிச் சொல்வதால் யாருக்கும் குறைவு வராது. சொல்லாமல் விட்டாலோ ஒருவருடைய பெருமை தெரியாமலே போய்விடும்.

சாணார்பட்டிக்குக் கிழக்கே எங்கள் தோட்டம். பாதி நிலத்தில் மல்லிகை, மீதியில் தக்காளியும் சோளமும். மல்லிகை பொறுமை இல்லாத பயிர். பொழுது புலரும் முன்பே மொட்டாகப் பறித்தாக வேண்டும். பறித்த மொட்டு வெயில் ஏறுவதற்குள் திண்டுக்கல் பூச்சந்தையில் இருந்தாக வேண்டும். முந்திப் போன கூடைக்கு ஒரு மதிப்பு. வெயில் பட்டு வதங்கிப் போய்ச் சேர்ந்த கூடையை ஏறிட்டும் பார்க்க மாட்டார்கள். அப்பா பூப் பறிக்கும்போது பாசுரம் சொல்லிக்கொண்டே பறிப்பார். ஒரு பாசுரம் முடிவதற்குள் ஒரு செடி முடிந்துவிடும். எழுத்து அறிவதற்கு முன்பே எனக்குப் பாசுரங்கள் வாய்த்தது அந்தச் செடிகளுக்கு நடுவில்தான்.

பறிப்பது எங்கள் கையில் இருந்தது. கொண்டுசேர்ப்பது முதல் பேருந்தின் கையில் இருந்தது. கண்டக்டர் மனம் வைத்தால் கூடை மேலே ஏறும். கூட்டமான நாளில் பேருந்து நிற்காமலே போய்விடும். அது கிளப்பிய புழுதி அடங்கும்வரை அப்பா ஐந்து கூடைகளோடு சாலையோரம் நின்றுகொண்டிருப்பார். அடுத்த பேருந்தில் போய்ச் சேர்ந்து, கிடைத்ததை வாங்கிக்கொண்டு திரும்பும் நாட்களில் அவர் பாசுரம் சொல்ல மாட்டார். வீட்டில் எல்லோருக்கும் அதுவே சேதி.

வீட்டின் தலைவர் பெரியப்பா. பெரியம்மா நான் பிறக்கும் முன்பே காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை. தாத்தா மறைந்தபோது அப்பாவுக்குப் பத்து வயதுகூட நிரம்பவில்லையாம். அவரைத் தூக்கி வளர்த்தவர் அண்ணன்தான். ஆகவே தோட்டம் ‘பெரியவர் தோட்டம்’, கிணறு ‘பெரியவர் கிணறு’, மாட்டுவண்டி ‘பெரியவர் வண்டி’. அப்பாவுக்கு நாற்பது வயதாகியும் வீட்டுக்கு வரும் வியாபாரி அவரைப் பார்த்து, “பெரியவர் இருக்காரா?” என்றுதான் கேட்பார். அப்பா உள்ளே போய் அண்ணனைக் கூப்பிட்டு விட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விடுவார். இதில் அவருக்கு மனக்குறை இருந்ததாக அவர் ஒருநாளும் காட்டிக்கொண்டதில்லை.

அப்படிப்பட்ட அப்பா, சித்தையன்கோட்டைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பிய நாளில், கைகால் கழுவுவதற்கு முன்பே ஒரு வேனைப் பற்றிப் பேசினார். அங்கே ஓர் அரிசி ஆலையின் பின்புறம் நீல நிற வேன் ஒன்று இரண்டு ஆண்டுகளாக நிற்கிறதாம். மலைத்தோட்ட முதலாளி ஒருவருடையது. டிரைவர் தண்ணீர் ஊற்றாமல் மலையேற்றி, இஞ்சின் இறுகிப்போய், அத்தோடு ஓட்டம் நின்றுவிட்டது. குறைந்த விலைக்குக் கொடுப்பார்கள். வேறு இஞ்சின் மாற்றினால் சொந்த வேனில் பூவை ஏற்றிக்கொண்டு விடிவதற்குள் சந்தையில் இறங்கலாம்.

பெரியப்பா கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டில் அப்போது கையிருப்பு என்று ஒன்று இருந்தது. நான்கு வெள்ளாமையில் மிச்சம் பிடித்தது. அது கிணற்றை ஆழப்படுத்துவதற்கு என்று அவர் மனத்தில் ஒதுக்கிவைத்திருந்தது. அதை அப்பாவும் அறிவார். ஆனாலும் பார்ப்பதில் என்ன இருக்கிறது என்று, அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் புறப்பட்டார்கள். நான் அழுது அடம்பிடித்து ஒட்டிக்கொண்டேன்.

திண்டுக்கல்லில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக் ஒருவரும் எங்களோடு வந்தார். விவசாயக் குடும்பத்தில் பிறந்து இரும்பு வேலைக்கு வந்த கிறிஸ்தவர். எதையும் தொடும் முன் நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொள்வார். கும்பிட்டுவிட்டுத் தொடங்குகிறவன் பொய் சொல்ல மாட்டான் என்பது அப்பாவின் நம்பிக்கை.

வேனின் நிறம் நீலம் என்பதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. டிரைவர் இருக்கையில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. மெக்கானிக் அதை மெல்ல எடுத்து வெளியே விட்டு, முட்டைகளைத் தம் துண்டில் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு, ஒரு சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் நுழைந்தார். சுத்தியலால் ஒவ்வோர் இடமாகத் தட்டிச் சத்தம் கேட்டார். பிறகு, அடிச்சட்டம் வளைந்திருக்கிறதா என்று பார்க்க, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நூல் பிடித்துப் பார்த்தார். நூலின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டவள் நான். வண்டியில் எனக்குப் பங்கு உண்டு என்ற எண்ணம் அந்த நிமிடத்தில் எனக்கு வந்துவிட்டது.

வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டே மெக்கானிக் சொன்னார்: “ஒடம்பு கெட்டியா இருக்குங்கய்யா. உசுருதான் போயிருச்சு. மதுரையில காயலான் கடையில நல்ல உசுரா ஒண்ணு பாத்து நான் எடுத்தாரேன்.”

“உசுரு அங்க கிலோ என்ன வெலைக்கு விக்கிது அப்பு?” என்றார் பெரியப்பா.

மெக்கானிக் சிரித்துவிட்டார். பெரியப்பா சிரிக்கவில்லை. முன்பொரு முறை தண்ணீர் இறைக்கப் பழைய ஆயில் இஞ்சின் ஒன்றை நம்பி வாங்கி, அது நாற்று காயும் நாளில் எல்லாம் நின்று நின்று, ஒரு வெள்ளாமையையே பறிகொடுத்தவர் அவர். ஒருவர் கழித்த இஞ்சினில் இன்னொருவர் பிழைக்க முடியாது என்பது அவருக்கு அனுபவத்தில் எழுதப்பட்ட சட்டம். பிறகு அவர் கேட்ட கேள்விகள் ஒவ்வொன்றும் சரியான இடத்தில் தைத்தன. வேறு இஞ்சின் வைத்தால் அந்த நம்பரை வண்டிப் புத்தகத்தில் மாற்றித் தருவது யார் பொறுப்பு? வரப்போகும் இஞ்சின் எந்த வண்டியில் இருந்தது, அது ஏன் உடைப்புக்கு வந்தது? கியர் பெட்டி அதோடு பொருந்தாவிட்டால் என்ன செய்வது? மெக்கானிக் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். முடிவில் அப்பாவிடம் திரும்பி, “அண்ணன் பட்டறை வச்சா எனக்குப் பொழப்பு இல்ல” என்றார்.

இதற்கிடையில் நான் டிரைவருக்கு அடுத்த இருக்கையில் ஏறி உட்கார்ந்திருந்தேன். உள்ளே கோழி எச்சமும் துருவும் கலந்த வாடை. ஹாரன் வேலை செய்யவில்லை. அதை என் வாயால் செய்தேன். இந்த இருக்கையில் உட்கார்ந்து திண்டுக்கல் போகாமல் என் ஆயுள் முடியாது என்று தீர்மானித்துக்கொண்டேன். மறுநாள் பள்ளியில் வேன் வாங்கிவிட்டதாகவே சொல்லியும் விட்டேன்.

வீட்டிலோ வாங்கவில்லை. பத்து நாட்கள் கிணறும் வேனும் எங்கள் வீட்டில் எதிரெதிரே நின்றன. பெரியப்பா சொன்னதில் நியாயம் இருந்தது. அந்த ஆண்டு மழை பொய்த்து, கிணற்றில் தண்ணீர் படியிறங்கிக்கொண்டே போயிற்று. அப்பா சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்தப் பத்து நாட்களில் மூன்று முறை பேருந்து நிற்காமல் போயிற்று. இருவரும் உரக்கப் பேசவில்லை. ஒருவர் எழுந்து போன பிறகு மற்றவர் அம்மாவிடம் சொல்வார். அம்மா இரண்டு பக்கமும் தலையாட்டியே களைத்துப்போனாள்.

ஒருநாள் மட்டும், சாப்பிடும்போது, பேச்சு நேருக்கு நேர் வந்துவிட்டது. பெரியப்பா சோற்றைப் பிசைந்தபடியே, “தண்ணி இல்லாட்டி பூ ஏதுப்பா? பூ இல்லாத வேன்ல எதை ஏத்திக்கிட்டுப் போவ, கோழியவா?” என்றார்.

அப்பா தலை நிமிர்ந்தார். “கெணத்த வெட்டி, பூவக் கூட்டி, அம்புட்டுப் பூவையும் வச்சுக்கிட்டு பஸ்ஸு போன ரோட்டப் பாத்துக்கிட்டு நிக்கணுமாண்ணே?”

அண்ணனுக்கு அவர் அப்படிப் பதில் சொன்னது அதுவரை நிகழ்ந்ததில்லை. எனக்கு நினைவு தெரிந்து நிகழ்ந்ததில்லை என்பது மட்டுமன்று. அம்மாவின் முகத்தைப் பார்த்தபோது அவளுக்கும் அது புதிது என்று தெரிந்தது. அவள் கரண்டியோடு நடுவில் வந்து, “இன்னும் கொஞ்சம் வெஞ்சனம் வைக்கவா?” என்று பொதுவாகக் கேட்டாள். இருவருமே வேண்டாம் என்றார்கள். பெரியப்பா அப்பாவைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கோபித்துக்கொண்டார் என்று நான் நினைத்தேன்.

அந்த வாரமே ஆலையிலிருந்து ஆள் வந்தார். உடைப்புக்கு எடுக்கும் வியாபாரி ஒருவர் வேனை விலை பேசியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஆட்களோடு வந்து அறுத்து எடுத்துக்கொண்டு போய்விடுவார். வேண்டுமானால் அதற்குள் சொல்லிவிடுங்கள் என்பது சேதி. அப்பாவின் முகம் கறுத்துப்போயிற்று. அண்ணன் வாயிலிருந்து ‘சரி’ என்பது வராமல் அவர் எதையும் செய்ய மாட்டார்; அதைக் கேட்டு வாங்கவும் மாட்டார்.

பெரியப்பாதான் பேசினார். “பெருமாள் கோயில்ல பூக்கட்டிப் பாத்துருவோம். வெள்ளை வந்தா வேன். செவப்பு வந்தா கெணறு. பொறவு நீயும் பேசக் கூடாது, நானும் பேச மாட்டேன்.”

எங்கள் பக்கத்தில் பெண் எடுப்பதோ, நிலம் வாங்குவதோ, வைத்தியத்துக்கு எங்கே போவது என்பதோ, மனிதர் மனம் இரண்டாகப் பிரிந்து நிற்கும் எதையும் இப்படித்தான் சந்நிதியில் ஒப்படைப்பார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலத்தில், சிவப்புப் பூ ஒரு பொட்டலத்தில். இரண்டும் வாழையிலைத் துண்டில் வேறுபாடு தெரியாமல் மடித்து நாரால் கட்டப்படும். அர்ச்சகர் அவற்றைச் சுவாமியின் திருவடியில் வைத்துக் குலுக்கி முன்னே போடுவார். கள்ளம் அறியாத ஒரு குழந்தை ஒன்றை எடுக்கும். எடுத்தது எதுவோ அது திருவுள்ளம். மேல்முறையீடு இல்லை.

சனிக்கிழமை காலையிலேயே முடித்துவிடலாம் என்றாள் அம்மா. பெரியப்பா, தண்ணீர் கட்டும் வேலை இருப்பதால் சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில் பார்ப்போம் என்று சொல்லிவிட்டார். கள்ளம் அறியாத குழந்தையாக என்னைக் குறித்தார்கள். காலையில் தலைக்கு ஊற்றி, பாவாடை கட்டி, மாலைவரை எதையும் தொடாதே என்று அம்மா என்னை உட்கார்த்திவைத்தாள். ஊரில் எந்தப் பிள்ளைக்கும் கிடைக்காத பதவி. நான் அன்று நடந்த நடையை நினைத்தால் இன்றும் எனக்குச் சற்று வெட்கமாகவும் சற்றுப் பெருமையாகவும் இருக்கிறது.

எங்கள் கோயிலில் வெள்ளைக்கு நந்தியாவட்டையும் சிவப்புக்குச் செவ்வரளியும் வைப்பது வழக்கம். இரண்டும் நந்தவனத்திலேயே உண்டு. அன்று மாலை அர்ச்சகர் பூப் பறிக்கக் கிளம்பியபோது பெரியப்பா மடியிலிருந்து ஓர் இலைச் சுருளை எடுத்து நீட்டினார். “வெள்ளைக்கு நம்ம மல்லிகையே இருக்கட்டும் சாமி. நம்ம வெளச்சல வச்சே கேட்டுருவோம்.” அர்ச்சகருக்கு அதில் ஆட்சேபம் இல்லை. உள்ளே போய்க் கட்டிக்கொண்டு வந்தார்.

விளக்கு ஏற்றியாயிற்று. தீபத்தின் ஒளியில் பெருமாளின் திருமுகம் ஒருமுறை பெரிதாகி அடங்கியது. இரண்டு பொட்டலங்கள் என் முன்னால் வந்து விழுந்தன. அளவும் மடிப்பும் நார்க்கட்டும் ஒன்றுபோலவே இருந்தன. அப்பா கண்மூடி நின்றார். அவர் உதடுகள் மட்டும் அசைந்தன. பெரியப்பா கைகட்டி நின்றார். “பெருமாள நெனச்சுக்கிட்டு எடும்மா” என்றார் அர்ச்சகர்.

நான் நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். கண்களையும் இறுக மூடிக்கொண்டேன். குனிந்து கையை நீட்டியபோது, இடப்பக்கத்திலிருந்து மல்லிகை மணந்தது.

மல்லிகைக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. காலையில் பறித்த மொட்டு பகல் முழுவதும் ஊமையாக இருக்கும்; விளக்கு வைக்கும் நேரத்தில் வாய் திறக்கும்; திறந்துவிட்டால் இலையில் கட்டினாலும் துணியில் சுற்றினாலும் அடங்காது. இடப்பக்கம் வேன் இருந்தது, வலப்பக்கம் கிணறு. என் கை நடுவில் நின்றது. தெரிந்த பின் எடுப்பது எடுப்பதாகுமா என்ற கேள்வி அந்த வயதிலேயே எனக்கு எழுந்தது என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். எழவில்லை. எனக்கு எழுந்தது, டிரைவருக்கு அடுத்த அந்த இருக்கை. இடப்பக்கத்துப் பொட்டலத்தை எடுத்து அர்ச்சகரின் கையில் கொடுத்தேன்.

வெள்ளை.

அப்பா தரையில் விழுந்து சேவித்தார். எழுந்திருக்க நெடுநேரமாயிற்று. எழுந்தபோது கண்கள் நனைந்திருந்தன. அண்ணனைப் பார்க்கக் கூசி, சந்நிதியைப் பார்த்தே நின்றார். பெரியப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, “பெருமாள் சொல்லிட்டாரு. ஆக வேண்டியதப் பாரு” என்றார். அவ்வளவுதான். நான் பொட்டலத்துப் பூவை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் விடிந்ததும் பணத்தைக் கொடுத்து முடித்தார்கள். வேனைத் திண்டுக்கல் பட்டறைக்குக் கொண்டுவர லாரி பிடிக்க வேண்டும் என்று அப்பா சொன்னபோது, லாரி எதற்கு என்று பெரியப்பா கேட்டார். தம் இரண்டு காளைகளையும் குளிப்பாட்டி, கொம்புக்கு எண்ணெய் தடவி, வேனை இழுத்துவரும் நாளுக்கு முந்திய நாளே சித்தையன்கோட்டைக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார். வடக்கயிற்றில் வேனைக் கட்டி, ஸ்டியரிங்கில் அப்பா, அவர் பக்கத்தில் நான், முன்னால் காளைகளோடு பெரியப்பா நடந்து வர, நாங்கள் சாலையில் வந்தோம். பல்லக்கில் போகிறவர்களுக்குக்கூட அத்தனை மிதப்பு இருந்திராது.

திண்டுக்கல் எல்லையில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எங்களைப் பார்த்து எழுந்தே நின்றுவிட்டார்கள். அவர்களில் ஒருவர், “என்னய்யா, இந்த வேனுக்கு டீசல் ஊத்துறதா, தவிடு வைக்கிறதா?” என்று கேட்டார். கடையே சிரித்தது. அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

பெரியப்பா காளைகளை நிறுத்தினார். “ஒங்க ஊரு வேனுக்கெல்லாம் ஒரு இஞ்சின்தான. இதுக்கு ரெண்டு. அதுவும் கொம்பு வச்சது. ஏறிப் பாக்குறியா?” என்றார். கேட்டவர் முகத்தை டீக் கிளாசுக்குள் புதைத்துக்கொண்டார். இப்போது கடை அவரைப் பார்த்துச் சிரித்தது. வேன் வேண்டாம் என்றவர் வேனுக்காகச் சண்டைக்கு நின்றது எனக்கு வியப்பாக இருந்தது. பெருமாள் சொல்லுக்குக் கட்டுப்பட்டவர் என்று நினைத்துக்கொண்டேன்.

இஞ்சின் மாற்றும் வேலை சொன்ன நாளில் முடியவில்லை. மதுரையிலிருந்து வந்த இஞ்சின், பள்ளத்தில் உருண்டு உடம்பு நசுங்கிய ஒரு வண்டியிலிருந்து எடுத்தது. அதில் யாருக்கும் காயமில்லை என்று மெக்கானிக் சத்தியம் செய்த பிறகுதான் அம்மா சமாதானமானாள். ஆனால் அது பழைய இஞ்சினைவிட நான்கு விரற்கடை நீளம். தாங்கு இரும்புகளை வெட்டிப் புதிதாகப் பற்றவைக்க வேண்டியிருந்தது. ஒரு மாதம் இரண்டு மாதமாயிற்று. அப்பா பட்டறையிலேயே கிடந்து, மெக்கானிக்கிடம் வண்டி ஓட்டவும் பழகிக்கொண்டார். அதற்குள் இங்கே கிணற்றில் தண்ணீர் இன்னும் இரண்டு படி கீழே போய்விட்டது. கடைசி வரிசைச் செடிகளில் இலைகள் பழுக்கத் தொடங்கின. பெரியப்பா தினமும் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்.

எனக்கு உறக்கம் கெட்டது. சிவப்புத்தான் பெருமாளின் உத்தரவாக இருந்திருக்க வேண்டும். நான் நடுவில் புகுந்து மாற்றிவிட்டேன். அதனால் இஞ்சின் பொருந்தவில்லை, கிணறு வற்றுகிறது, செடி சாகிறது. வீட்டில் யார் பெருமூச்சு விட்டாலும் அது என் கணக்கில் ஏறியது. பாசுரம் சொல்ல வாய் வரவில்லை. சொல்லத் தொடங்கினால் பெருமாள் என்னை நேராகப் பார்ப்பதுபோல் இருந்தது.

ஒருநாள் விடியற்காலையில் பூப் பறிக்கும்போது, பக்கத்து வரிசையில் பெரியப்பா மட்டும் இருந்தார். பனி இன்னும் விலகவில்லை. முகம் தெரியாது என்ற தைரியத்தில் சொல்லிவிட்டேன். “பெரியப்பா, அன்னைக்கு நான் சும்மா எடுக்கல. வாசம் வந்துச்சு. தெரிஞ்சுதான் எடுத்தேன்.”

அவர் கை நிற்கவில்லை. மொட்டுகள் ஒவ்வொன்றாக அவர் மடியில் விழும் மெல்லிய ஓசை கேட்டுக்கொண்டே இருந்தது. அந்தச் செடி முடிந்து அடுத்த செடிக்கு நகரும்போது சொன்னார்: “ஏன் தாயி, எனக்கு மூக்கு இல்லையா?”

நான் அடுத்ததற்காகக் காத்திருந்தேன். “பேசாம மொட்டப் பறி. வெயில் ஏறப்போவுது” என்பதே அடுத்ததாக வந்தது. நான் சொன்னது அவர் காதில் சரியாக விழவில்லை, எதையோ நினைத்து எதையோ சொல்கிறார் என்று முடிவு செய்தேன். ஆனால் அடி விழவில்லை, அம்மாவிடம் சொல்லவும் இல்லை. அன்றிரவு உறங்கினேன்.

இஞ்சின் ஓடிய நாளில் பட்டறையில் நானும் இருந்தேன். மெக்கானிக் சிலுவை போட்டுக்கொண்டார். அப்பா பெருமாளின் திருநாமத்தைச் சொன்னார். சாவியைத் திருப்பியதும் வேன் இருமியது, கரும்புகை விட்டது, மறுபடி இருமியது. மூன்றாம் முறை பிடித்துக்கொண்டது. அந்த இரைச்சலுக்கு நடுவில் மெக்கானிக் அப்பாவின் தோளைத் தட்டி, “பாத்தீங்களா, ஒடம்புல உசுரு ஒட்டிக்கிருச்சு” என்று கத்தினார். அப்பா வேனின் முகப்பில் கையை வைத்துக்கொண்டு, அது அதிர்வதை உணர்ந்தபடியே வெகுநேரம் நின்றார்.

முதல் நடை ஒரு சனிக்கிழமை. இருள் பிரியும் முன்பே எங்கள் ஐந்து கூடைகளோடு, பக்கத்துத் தோட்டக்காரர்கள் கேட்டுக்கொண்ட பதினோரு கூடைகளும் ஏறின. ஸ்டியரிங்கில் அப்பா, நடுவில் நான், ஓரத்தில் பெரியப்பா. வழியில் முதல் பேருந்தை முந்தினோம். அப்பா அதற்காக ஹாரன் அடிக்கவில்லை. அவர் அப்படிப்பட்டவர் அல்லர். நான் கையை வெளியே நீட்டிக் கண்டக்டருக்கு டாட்டா காட்டினேன். பெரியப்பா அதைப் பார்த்தும் பார்க்காதவர்போல் வெளியே திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியதை வைத்துச் சிரிக்கிறார் என்று தெரிந்துகொண்டேன்.

சந்தையில் அப்போதுதான் விளக்குகளை ஏற்றித் தராசுகளைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் பூ அன்று முதல் பூ. நாங்கள் வழக்கமாகப் பூப் போடும் கமிஷன் கடைக்காரர் வெளியே வந்து, வேனை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, எல்லோரும் செய்வதுபோல் பெரியப்பாவிடம் போய், “பெரியவரே, வண்டி வாங்கியாச்சு போலருக்கு” என்றார்.

“என் வண்டி இல்ல. என் தம்பி வண்டி” என்றார் பெரியப்பா. “எதுன்னாலும் அவன்கிட்டப் பேசுங்க.” சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

கடைக்காரர் அப்பாவின் பக்கம் திரும்பினார். “வாங்கய்யா, வந்து உக்காருங்க” என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அப்பாவுக்கு உட்காரத் தெரியவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

எனக்கு அங்கேயே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எங்கள் வீட்டில் என்னுடையது உன்னுடையது என்ற பேச்சே கிடையாது. எல்லாமே ‘நம்ம’. நம்ம தோட்டம், நம்ம கிணறு, நம்ம மாடு. இந்த வேன் ஒன்றை மட்டும் பெரியப்பா தள்ளிவைத்துவிட்டாரே. மனத்துக்குள் இன்னும் அது வேண்டாத வேன்தானே என்று நினைத்தேன்.

அடுத்த கோடைக்கு முன் வேன் சம்பாதித்ததைக் கொண்டு கிணற்றையும் வெட்டினோம். பெரியப்பா காலமாகித் திருநாடு அலங்கரித்து முப்பது ஆண்டுகளாகின்றன. நானும் பல முறை சந்நிதியில் நின்று, பெருமாள் தம் திருவுள்ளத்தை யார் யார் வழியாக நடத்திக்கொள்கிறார் என்று எண்ணிப் பார்த்து, ஒவ்வொரு முறையும் பெரியப்பாவிடம் வந்து நின்றிருக்கிறேன். தோட்டத்தில் எந்தச் செடியின் பூ என்பதைக் கூடையைத் திறக்காமலே சொல்லக்கூடியவர் அவர். காலையில் வேண்டாம், மாலையில் பார்ப்போம் என்றவர் அவர். மணமில்லாத நந்தியாவட்டையை விலக்கி மல்லிகையைக் கொடுத்தவரும் அவர். தம்பிக்கு அந்த வேன் வேண்டும் என்று அவர் எப்போதோ முடிவு செய்துவிட்டார். ஒருவேளை, அந்தச் சாப்பாட்டு வேளையில் தம்பி தலை நிமிர்ந்த அந்த நொடியிலேயே. ‘சரி, வாங்கிக்கொள்’ என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். ஆனால் அப்படி வாங்கியிருந்தால் அது அண்ணன் கொடுத்த வேனாகியிருக்கும். பெருமாள் கொடுத்ததென்றால் தம்பி யாருக்கும் தலை வணங்க வேண்டியதில்லை.

இவை எதுவும் அன்று எனக்குத் தெரியாது. திரும்பும்போது பெரியப்பா எனக்கென்று ஒரு பொட்டலம் அல்வா வாங்கிவந்து நீட்டினார். ‘நம்ம வண்டி’ என்று சொல்லாத மனிதர் கொடுத்த அல்வாவை வாங்க மறுத்து, ஊர் வந்து சேரும்வரை நான் அவரோடு ஒரு சொல்லும் பேசவில்லை.